எழுபத்திரண்டு புள்ளி நான்கு

அறிவியல் முன்னேற்றத்தின் வேகம் ஏன் குறைந்துவிட்டது என்று விசாரித்து அறிக்கை தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று இயக்குநர் சொன்னார். அவர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆனால் பெருமை இருக்கும்போது அதை மூடிவைப்பதும் ஒருவகைப் பொய் என்பது என் கொள்கை. என் தகப்பனார் நான்கு உலோகங்களைக் கலந்து ஒரு கலவை செய்தார். பெரிய கட்டடங்களில் தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் வாயை அடைத்துக்கொண்டிருப்பது அந்தக் கலவைதான். சூடு ஏறினால் உருகி விழும், தண்ணீர் கொட்டும். அது எழுபத்திரண்டு புள்ளி நான்கு டிகிரியில் உருகுகிறது என்று தகப்பனார் ஒரே ஒரு பிற்பகலில் அளந்து எழுதினார். அந்த எண்ணைச் சுற்றி எழுப்பியதுதான் எங்கள் உருகுநிலைக் கழகம். அதன் வாசலில் அந்த எண்ணைப் பித்தளையில் பதித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டின் கதவிலக்கம் பதினேழு. நான் அதை எடுத்துவிட்டு எழுபத்திரண்டு புள்ளி நான்கு என்று மாட்டிவைத்திருக்கிறேன். தபால்காரர் மூன்று முறை ஆட்சேபம் தெரிவித்தார்.

தகப்பனாருக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்த அளவை நான் மறுபடி அளந்து உறுதிசெய்ய ஆறு வருடம் ஆனது. எழுபத்திரண்டு புள்ளி மூன்று. தகப்பனாருக்குச் சரிசமமாக நிற்காமல் ஒரு படி கீழே நின்றேன் என்று பாராட்டி எனக்கு முனைவர் பட்டம் தந்தார்கள். என் மாணவர் ஒன்பது வருடம் உழைத்து எழுபத்திரண்டு புள்ளி இரண்டு என்று அளந்தார். அவர்தான் இப்போதைய இயக்குநர். இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

என் ஒரே மகன் பல் மருத்துவன் ஆகிவிட்டான். குடும்பத்தில் அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நல்லவேளையாக அவன் கட்டிக்கொண்ட பெண் இயற்பியல் படித்தவள். கழகத்திலேயே பயிலுநராகச் சேர்ந்தாள். ஆகவே குடும்பத்தின் மானம் மகனைத் தாண்டிப் போய் மருமகள் தலையில் உட்கார்ந்தது.

உட்கார்ந்த இடம் சரியில்லை. இரண்டு வருடமாக அவள் அளந்ததெல்லாம் அறுபத்தொன்பது புள்ளி ஒன்று.

கழகத்தின் பதினான்காம் விதி எளிமையானது. பயிலுநரின் எண், பதிவேட்டில் இருக்கும் மூத்தவர் யாராவது ஒருவரின் எண்ணிலிருந்து அரை டிகிரிக்குள் இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். மூத்தவர்கள் எல்லோரும் எழுபத்திரண்டில் இருந்தோம். எங்கள் காலத்தில் இதற்குக் கெடு கிடையாது, அவள் சேர்ந்த வருடம்தான் வந்தது. அவளுக்கு இரண்டு முறை கெடு நீட்டித்தாயிற்று. மூன்றாவது கெடு அந்த மாதக் கடைசியில் முடிகிறது.

"அவளுக்கு இன்னும் கை படியலை," என்று நான் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். கை படிவது என்பது எங்கள் கழகத்தின் பழைய சொல். புதிதாக வருகிறவர்களுக்கு எண் கீழேதான் இருக்கும். வருடங்கள் போகப் போக, கை பழகப் பழக, மேலே வரும்.

"என் கை நல்லாத்தான் இருக்கு மாமா," என்றாள் மருமகள். "நிமிஷத்துக்கு ஒரு டிகிரிதான் ஏத்தறேன். புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதேதான்."

"புத்தகத்துல போட்டிருக்கிறதெல்லாம் சரிதான்மா. அதுக்கு மேல ஒரு அனுபவம்னு ஒண்ணு இருக்கு. அந்தத் திருகைச் சித்த தாராளமா..."

"தாராளமான்னா? சூட்டை வேகமா ஏத்தச் சொல்றீங்களா? வேகமா ஏத்தினா உலோகம் உருகி முடிக்கறதுக்குள்ள தெர்மாமீட்டர் மேல போயிடும். எண் கூடத்தான் காட்டும். அது அனுபவம் இல்ல மாமா, தப்பு."

நான் தண்ணீர் குடித்தேன். என் மனைவி கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாற்பத்தெட்டு வருடம் பார்த்த பார்வை.

"ஏங்க, கல்யாணமான புதுசுல உங்களுக்கும் அறுபத்தொம்போதுதானே வந்துட்டு இருந்துச்சு? தினமும் வந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்களே."

"அப்ப எனக்குக் கை படியலை."

"ஆறு வருஷம் படியாத கை, உங்கப்பா ஒருநாள் கூப்பிட்டுச் சத்தம் போட்டதும் அடுத்த வாரமே படிஞ்சிடுச்சு."

பெண்களுக்கு ஞாபகசக்தி அதிகம் என்பது அறிவியல் இன்னும் சரியாக ஆராயாத ஒரு துறை. மருமகள் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி சொன்னாள்:

"இந்த மாசம் முடிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க மாமா. வேற எங்க போனாலும், உருகுநிலை அளக்கத் தெரியாதுன்னு அனுப்பின பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொல்ற மாதிரி திருகிட்டா வேலை இருக்கும். திருகவா? நீங்க திருகுன்னு சொல்லுங்க, திருகறேன்."

குடும்பத் தலைவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எனக்குக் கைகழுவ வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் இயக்குநர் ஒரு கோப்புடன் வீட்டுக்கு வந்தார்.

"சார், முன்னேற்றத்தோட வேகம் குறைஞ்சுபோச்சுன்னு மேலே இருந்து கேக்கறாங்க. அம்பது வருஷமா அந்தக் கலவையை வெச்சுப் புதுசா ஒண்ணுமே பண்ணலையேன்னு கேள்வி. நாம எத்தனையோ முயற்சி பண்ணோம். எழுபத்திரண்டு புள்ளி நாலை அடிப்படையா வெச்சு எது செஞ்சாலும் வேலை செய்ய மாட்டேங்குது. காரணம் என்னன்னு ஒரு அறிக்கை வேணும்."

"எவ்வளவு நாளில்?"

"வேகக் குறைவு பத்தின அறிக்கை சார், அவசரம் ஒண்ணும் இல்லை. மூணு வருஷம் எடுத்துக்கங்க."

நான் மறுநாள் காலையிலேயே கழகத்துக்குப் போய்விட்டேன். தகப்பனார் காலத்தில் அங்கே நான்கு பேர் இருந்தார்கள். இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். கலவையை அளப்பவர்கள் அதில் எட்டுப் பேர். மீதிப் பேர் அந்த எட்டுப் பேருக்கு அனுமதி கொடுப்பவர்கள். ஒரு தெர்மாமீட்டரை அலமாரியிலிருந்து எடுக்க ஒன்பது கையெழுத்து வேண்டும். ஒன்பதாவது கையெழுத்து விழும்போது முதல் கையெழுத்தின் செல்லுபடி முடிந்துவிடும் என்பதால் சிலர் நான்கு வருடமாக அதே படிவத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சிறந்த ஆய்வாளர் விருது கொடுத்திருந்தார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த ஒன்பது கையெழுத்தில் ஐந்தை ஏற்பாடு செய்தவன் நான்தான்.

பொருட்காப்பறையில் காப்பாளர் புதிதாக வந்த தெர்மாமீட்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எங்கள் கலவையோடு எண்ணெய்த் தொட்டியில் வைத்து, எழுபத்திரண்டு புள்ளி நான்கு காட்டுகிறதா என்று பார்ப்பார். காட்டாதது பழுது என்று திருப்பி அனுப்பப்படும்.

"நிறைய திரும்பிப் போகுதா?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் வண்டி வண்டியா போகும் சார். எனக்குக் கை படிஞ்சதுக்கப்புறம் ஒண்ணுகூடப் போனதில்ல." திருகை ஒரே சுற்றில் முக்கால்வாசி திருகினார். எண்ணெய் கொதிக்கத் தயாரானது. "முப்பது வருஷக் கை சார். என்கிட்ட உடைஞ்ச தெர்மாமீட்டர்கூட பாஸாயிடும்."

அவருக்குப் பின்னால் பழைய குறிப்பேடுகள் அடுக்கியிருந்தன. கழகத்தில் அளந்தவர்கள் நாற்பத்தொரு பேர் கைப்பட எழுதியவை. விசாரணைத் தலைவர் என்ற முறையில் அவற்றைக் கேட்டேன். காப்பாளர் படிவம் கேட்டார். நான் யார் மகன் என்று சொன்னேன். கொடுத்துவிட்டார்.

முதலில் என்னுடையதைத்தான் எடுத்தேன். முதல் வருடம்: அறுபத்தொன்பது புள்ளி இரண்டு. இரண்டாம் வருடமும் அதுதான். ஆறாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, எழுபத்திரண்டு புள்ளி மூன்று. அந்தப் பக்கத்தை மட்டும் நான் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

அதை மூடிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்தது இயக்குநருடையது. அவர் என் மாணவர், கெட்டிக்காரர், நேர்மையானவர், ஒருவேளை அவருக்காவது உண்மையாகவே வந்திருக்கும் என்று திறந்தேன். முதல் வருடம் அறுபத்தொன்பது. எட்டாம் வருடம் அறுபத்தொன்பது. ஒன்பதாம் வருடம் எழுபத்திரண்டு புள்ளி இரண்டு, அழகான கையெழுத்தில்.

மாலைவரை உட்கார்ந்து நாற்பத்தொன்றையும் பார்த்தேன். எல்லோருக்கும் முதல் வருடம் அறுபத்தொன்பது, கடைசி வருடம் எழுபத்திரண்டு. கடைசிப் பக்கத்தில் எல்லோருடைய கையெழுத்தும் அழகாக இருந்தது.

நாற்பது வருடத்துக்கும் மேலாக இந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் ஏமாற்றுக்காரன் என்று நினைத்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். முதுகு வளைந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அன்றுதான் தெரிந்தது, அந்த நடைகூடத்தில் எதிரே வந்தவர்கள் எல்லோருமே அதே காரணத்துக்காகத்தான் நிமிர்ந்து நடந்திருக்கிறார்கள். மற்றவர்கள் உண்மையாகவே அளந்திருக்கிறார்கள், நமக்குத்தான் வரவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

இனி ஒரே நம்பிக்கை தகப்பனார்தான். அவருடைய குறிப்பேடு கழகத்தின் முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டியில், அந்த எண் உள்ள பக்கம் திறந்தபடி இருக்கிறது. பெட்டிச் சாவி என்னிடம்தான். ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதில்லை. அடுத்த பக்கத்தில் அவர் ஏதாவது எழுதியிருக்கலாம். தெர்மாமீட்டர் பழுது, மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் போதும். தகப்பனாருக்கும் தெரிந்துதான் இருந்தது, நாங்கள்தான் முட்டாள்கள் என்று சொல்லிக் குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிடலாம். நான் முட்டாள் என்று பெயரெடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தகப்பனார் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மருமகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்தை அவளே புரட்டினாள். என் கை அதற்குச் சரிவரவில்லை.

அடுத்த பக்கத்தில் தகப்பனாரின் கையெழுத்தில் ஒரே வரி இருந்தது. 'பல்வலி பொறுக்க முடியவில்லை. சூட்டை வேகமாக ஏற்றி முடித்துவிட்டுக் கிளம்பினேன்.'

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மறுபடி பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை.

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அதற்காக நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கடைவாய்ப் பல். அதன்மேல் ஒரு கழகம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், பித்தளை எழுத்து, என் கதவிலக்கம். என் மகன் பல் மருத்துவன் ஆனதில் தவறில்லை. எங்கள் குடும்பத்துக்கு அவன் இரண்டு தலைமுறை தாமதமாக வந்துவிட்டான், அதுதான் சங்கடம்.

மாதக் கடைசியில் ஆட்சிக்குழு கூடியது. என் விசாரணை, மருமகளின் வேலை, இரண்டும் ஒரே கூட்டத்தில். மூன்று வருடம் கொடுத்திருந்த அறிக்கையை நான் மூன்று வாரத்தில் கொண்டுவந்திருந்ததை உறுப்பினர்கள் முகம் சுளித்துப் பார்த்தார்கள். அறிக்கையில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன்: 'வேகம் குறைந்ததற்கு நான் காரணம். மற்றவர்கள் ஒத்துழைத்தார்கள்.' கூடவே நாற்பத்தொரு குறிப்பேடுகளையும் பல்வலிப் பக்கத்தையும் மேஜைமேல் வைத்தேன்.

யாரும் தங்களுடையதைத் தொடவில்லை. அது எது என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது.  பிறகு இயக்குநர் எழுந்தார்.

"நண்பர்களே, உண்மைக்கு நாம யாரும் எதிரி இல்லை. ஆனா உண்மைன்னாலும் அதுக்கு ஒரு முறை இருக்கு. திடுதிப்புன்னு உள்ளே வந்து நின்னா, ஏற்கெனவே உக்காந்திருக்கிறவங்களுக்கு என்ன மரியாதை? சொல்லிட்டு வரணும். அறுபத்தொன்பது புள்ளி ஒண்ணுதான் சரின்னு நான் இந்த இடத்திலே மனசார ஒத்துக்கறேன். அதனாலே ஒரு தீர்மானம் கொண்டுவர்றேன். எழுபத்திரண்டு புள்ளி நாலிலிருந்து வருஷத்துக்குப் பத்திலே ஒரு டிகிரி வீதம் இறங்குவோம். முப்பத்து மூணாவது வருஷம் உண்மைக்கு வந்து சேந்துடுவோம். யாருக்கும் வலிக்காது, யார் படத்தையும் சுவத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. இன்னொண்ணு. வேகம் குறைஞ்சுபோச்சுன்னு கேட்டாங்களே, இனிமே முப்பத்து மூணு வருஷத்துக்கு வருஷம் ஒரு கண்டுபிடிப்பு உறுதி. இதைவிட சீரான முன்னேற்றத்தை எந்தக் கழகம் காட்ட முடியும்?"

மேஜையைத் தட்டினார்கள். நானும் என்னையறியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். பழக்கம்.

"அப்ப என் வேலை?" என்று கேட்டாள் மருமகள்.

"உங்க எண் தப்புன்னு யாரும்மா சொன்னா? முப்பத்து மூணு வருஷம் முன்னாடி வந்துடுச்சு, அவ்வளவுதான். அதுவரைக்கும் அது தப்பு. இருபத்தெட்டாவது வருஷமே நீங்க அரை டிகிரிக்குள்ளே வந்துடுவீங்க, அப்ப விண்ணப்பம் போடுங்க."

"அப்ப எனக்கு அம்பத்தேழு வயசு சார்."

"ஓய்வு அம்பத்தெட்டிலேதானே? முழுசா ஒரு வருஷம் இருக்கு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எப்போதும்போல வேறு ஏதாவது யோசிக்கத் தொடங்கியிருப்பேன். மேஜைமேல் இருந்த தன் கோப்பை எடுத்து, நாடாவை நிதானமாகக் கட்ட ஆரம்பித்தாள். வீட்டுக்குக் கிளம்புகிறவள் கட்டுகிற மாதிரி, இறுக்கி, இரண்டு முடிச்சு. சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அந்த இரண்டாவது முடிச்சில் எனக்கு உறைத்தது.

"பதிவேட்டைக் கொண்டாங்க," என்றேன்.

கொண்டுவந்தார்கள். என் பெயருக்கு எதிரே இருந்த எழுபத்திரண்டு புள்ளி மூன்றை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் அறுபத்தொன்பது புள்ளி இரண்டு என்று எழுதித் தேதி போட்டேன். அழகான கையெழுத்தாக வரவில்லை.

"தன் பதிவை மூத்தவர் தானே திருத்தலாம், விதி இருக்கு. இப்ப இந்தப் பொண்ணோட எண் ஒரு மூத்தவர் எண்ணுக்கு அரை டிகிரிக்குள்ள இருக்கு. பதினான்காம் விதி. கையெழுத்துப் போடு."

இயக்குநர் வெளுத்துப்போனார். "சார், யோசிச்சுத்தான் செய்யறீங்களா? பதிவைத் திருத்தினா பட்டம் போயிடும். விதி பதினெட்டு. நீங்க மறுபடி பயிலுநர். உங்க படத்தை இறக்கணும். உங்கப்பா பேரு..."

"தெரியும்."

"அதுவுமில்லாம, நீங்க பயிலுநர் ஆயிட்டா மூத்தவரே இல்லை. அப்ப உங்க எண்ணை வெச்சு இவங்களை எப்படி நிரந்தரம் பண்றது?"

இது நான் எதிர்பார்க்காத அடி. உட்கார்ந்துவிட்டேன். கதவோரம் நின்றிருந்த பொருட்காப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"சாரைப் பதவி இறக்கறதுக்கு ஒம்போது கையெழுத்து வேணுமே சார். எப்படிப் பார்த்தாலும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் சார் மூத்தவர்தானே? அந்தம்மாவை நிரந்தரம் பண்ண ஒரே கையெழுத்து."

நான் ஏற்பாடு செய்த ஐந்து கையெழுத்துகளுக்கும் அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது. இயக்குநர் விதிப்புத்தகத்தை இரண்டு முறை முன்னும் பின்னும் புரட்டினார். அவர் உண்மையை மீறக்கூடியவர், விதியை மீறமாட்டார். நான்தான் அப்படி வளர்த்தேன். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் மனைவி நாற்காலியை எடுத்துக் கொடுத்தாள். "அப்படியே அந்தக் கதவு நம்பரையும் மாத்திடுங்க. தபால்காரர் பாவம்."

கையெழுத்துகள் பதினான்கு வாரத்தில் வந்து சேர்ந்தன. எழுபத்து நான்காம் வயதில் நான் பயிலுநர் ஆனேன். ஓய்வு வயது நிரந்தர வேலைக்கு மட்டும்தான், மூத்தவருக்கும் பயிலுநருக்கும் கிடையாது. பயிலுநருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், இருவரின் எண்ணும் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒருத்திதான் இருந்தாள்.

முதல் நாள் எண்ணெய்த் தொட்டியின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி எனக்கு யாரிடமும் பயமில்லை, உள்ளதை உள்ளபடி அளந்து எழுதிவிட்டு வருவேன் என்று நினைத்தேன். அளந்தேன். எழுபத்தொன்று புள்ளி எட்டு வந்தது.

மறுபடி அளந்தேன். எழுபத்திரண்டு.

"மாமா, திருகைப் பாருங்க," என்றாள் மருமகள்.

பார்த்தேன். நான் சொல்லாமலே, எனக்குத் தெரியாமலே, என் விரல்கள் திருகை அரைச் சுற்றுக் கூடுதலாகத் திருகியிருந்தன. பின்னால் இழுத்தேன். கவனம் மாறியதும் விரல்கள் மறுபடி அங்கேயே போய்விட்டன. அன்று ஐந்து முறை அளந்தேன், ஐந்து முறையும் எழுபத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. மருமகள் ஐந்தையும் அப்படியே குறிப்பேட்டில் எழுதினாள். பிறகு பயிலுநர் படிவத்தை எடுத்து, மேற்பார்வையாளர் குறிப்பு என்ற இடத்தில் எழுதி என் பக்கம் நகர்த்தினாள்.

'கை தவறாகப் படிந்திருக்கிறது. பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன்.'

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுதப்பட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

"மூணு மாசம்னு போடக்கூடாதாம்மா?"

"வெளியாளா இருந்தா மூணு மாசம்தான் போட்டிருப்பேன் மாமா. நீங்க நம்ம வீட்டு ஆளு."

 படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த அளவு எடுக்க எண்ணெய் முழுவதும் ஆற வேண்டும். அதை வேகப்படுத்த வழி எதுவும் கிடையாது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.